வீட்டுக்கு ஒரு ரைஃபிள்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, நான் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். கரப்பான் பூச்சியை அடிக்கவே இரண்டு தடவை யோசிக்கிற ஆள் நான் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். முன்பு பார்சிப்பனி என்ற ஊரில் பதினோரு வருஷம் இருந்தபோது துப்பாக்கியை டிவி செய்தியில் பார்த்ததோடு சரி. டெக்ஸாஸுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கே காய்கறி வாங்கப் போகிற வழியிலேயே இரண்டு துப்பாக்கிக் கடைகள்!

காரணம் இருக்கிறது. அதற்கும் ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டுப் பின்கதவின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்துவிட்டான். நான் ஆபீஸில். வீட்டிலிருந்தே வேலை செய்கிற என் மனைவி காயத்ரி மாடியில் தனியாக இருந்தாள். சத்தம் கேட்டதும் துணி வைக்கிற க்ளோசெட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

வந்தவனைத் துரத்தியது யார் தெரியுமா? குக்கர். அடுப்பில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. திடீரென்று விசில் வந்ததும் அதை ஏதோ அலாரம் என்று நினைத்தான் போலிருக்கிறது... வந்த வழியே ஓடிவிட்டான். ஒரு பொருளும் போகவில்லை.

இந்தக் குக்கர் கதையைச் சொல்லிச் சொல்லி நண்பர்களோடு சிரித்தோம். காயத்ரியும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் மாடியில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. சாப்பாட்டு மேஜையில், பின்கதவு கண்ணில் படுகிற மாதிரி லேப்டாப்பை வைத்துக்கொள்கிறாள். பார்சல் கொண்டுவருகிறவர் பெல் அடித்தால்கூட முதலில் பின்கதவைத்தான் பார்க்கிறாள். அந்த வீட்டில் அவள் மறுபடியும் பயமில்லாமல் இருக்க வேண்டும், அதற்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? எக்செல்லைத் திறந்தேன்.

முதல் முறை வாங்குகிறவனுக்கு ஏற்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கும் ஆக வேண்டும், ரேஞ்ச் என்கிற சுடுதளத்தில் சுட்டுப் பழகவும் ஆக வேண்டும். ஒன்பது மாடல், ஒப்பிட்டுப் பார்க்கப் பதினான்கு காலம், அதாவது நெடுவரிசை. எடை, சுடும்போது தோளில் விழும் உதைப்பு, உதிரி பாகம், குண்டின் விலை... கார் வாங்கும்போதுகூட நான் இத்தனை காலம் போட்டதில்லை. முதல் காலத்துக்குத் தலைப்பு — நம்பகத்தன்மை. கூப்பிட்டால் வர வேண்டும். சிக்கிக்கொள்ளக் கூடாது.

எங்கள் தெருவிலேயே ஈரோட்டு செந்தில் இருக்கிறார். நான்கு வருஷமாக ரேஞ்சுக்குப் போகிறவர். ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிற எங்கள் கூட்டத்தில், நிஜ ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிற ஒரே மனிதர். என் எக்செல்லைப் பார்த்துவிட்டு அதில் முக்கால்வாசி வேண்டாம் என்றார். எல்லாக் கடையிலும் உதிரி பாகம் கிடைக்கிற சாதாரண மாடலாக எடுங்கள். மேலே லைட்டு, குறிபார்க்கிற ஸ்கோப்பு என்று எதையும் மாட்டாதீர்கள். மிச்சப்படுகிற காசில் பூட்டி வைக்க ஒரு நல்ல சேஃப் வாங்குங்கள், ஒழுங்காக ஒரு க்ளாஸ் போங்கள். வாங்குவதற்கு முன்னால் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்.

"வீட்ல கேட்டுட்டீங்களா?"

நான் அலட்சியமாக, "வீட்டுக்குத்தானே வாங்கறேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அந்தச் சனிக்கிழமைதான். கடையோடு சேர்ந்தே ரேஞ்சும் இருந்தது. சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த பின்னல், காதில் ஹெட்ஃபோன் மாதிரி ஒரு மூடி. என் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருந்த மாடல் எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தோளில் வைத்துப் பெருமையாக நின்றேன். எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். நீங்கள் வெளியே போகும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? என் மனைவி. அவர் இப்போது எங்கே?

"வீட்டில்."

அந்த அம்மா ரைஃபிளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். அப்படியானால் தப்பான ஆளுக்கு நான் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

பதினான்கு காலம் போட்டேனே, அதில் காயத்ரிக்கு ஒன்று இருந்ததா? ஐந்தடி ஓரங்குலம் உயரம். அவள் கை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் துப்பாக்கி வேண்டுமா என்றே நான் கேட்கவில்லை. நம் தமிழில் வீடு என்றால் மனைவியும்தான். 'வீட்ல சௌக்கியமா?' என்று யாரும் சுவரையும் கதவையும் விசாரிப்பதில்லை. நான் மட்டும் ஒரு மாதமாகச் சுவருக்கும் கதவுக்கும் ரைஃபிள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கச்சிதமாக இருந்தது அவளுக்குப் பெரிய பாரம். தோளில் பதிகிற அடிக்கட்டை நீளம், கை எட்டவே இல்லை. அந்த அம்மா அடிக்கட்டையை உள்ளே தள்ளிச் சின்னதாக்கிக்கொள்ளக்கூடிய, எடை குறைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் பட்டியலில் அது ஏழாவது. முதல் ஐந்து குண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த ஐந்துக்குத் திறந்துகொண்டாள். கடைசியில் அவள் தாளில் ஓட்டைகள் நடுவில் இருந்தன, என் தாளில் ஓரத்தில். அந்த அம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். வாங்கிடலாமா என்று கேட்டேன். இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குக்கர் கதையை யாரிடம் சொன்னபோதும் நான் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. வெட்கம்தான். அதைக் காயத்ரி சொன்னாள்.

"வாங்குங்க. வேணாம்னு சொல்லல. ஆனா அன்னைக்கு க்ளோசெட்ல என் கையில போன் இருந்துச்சு. போலீஸுக்கு, நைன் ஒன் ஒன்னுக்குக்கூட அடிக்கத் தோணல. உங்களைத்தான் கூப்பிட்டேன். ஏழு தடவை."

என் போனில் அவள் பெயர் 'வீடு' என்றுதான் இருக்கிறது. அன்று மதியம் மீட்டிங் முடிந்து, சைலன்ட்டில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தபோது திரையில் இருந்ததும் அதுதான். வீடு, ஏழு. ஆபத்தில் இருக்கிறவள் முதலில் போலீஸைத்தானே கூப்பிட வேண்டும் என்று அன்று அவளிடம் நான் கோபித்துக்கொண்டதுகூட நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் பேசிய வார்த்தைகளில் அதைவிடக் கேவலமானது இல்லை. காரிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஏழாவது மாடலையே வாங்கினோம். அவள் பெயரில். முதலில் சேஃப் வந்தது, பிறகுதான் அது. சேஃப் நம்பர் இரண்டு பேருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போகிறோம், அவள் நடுவில் அடிக்கிறாள், நான் ஓரத்தில் அடிக்கிறேன். நைன் ஒன் ஒன்னை முதலில் அழைப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம். சைலன்ட்டில் இருந்தாலும் 'வீடு' மட்டும் சத்தம் போடுகிற மாதிரி என் போனை மாற்றிவிட்டேன்.

இந்தப் புதன்கிழமை பெரிய அதிகாரி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். போன் அலறியது. ஸாரி என்று எழுந்து ஓடினேன். காரிடாரில் மூச்சு வாங்க, "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எடுக்கறீங்களான்னு பார்த்தேன். மாடி ரூம்லேர்ந்துதான் பேசறேன்... சரி, போங்க, மீட்டிங்குக்குப் போங்க."

உடனே போகவில்லை.