இரசவாதியின் கடைசிக் குப்பி

ஞாயிறு பின்னேரங்களில் உப்புவெளியில் நாங்கள் நால்வர் வேடமெடுத்து, பகடை உருட்டி மாயக்கதை விளையாடுவோம். நான் வாள்வீரன். மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் ரிஸானா இரசவாதி. நாங்கள் சண்டை பிடிக்க, அவள் மருந்து காய்ச்சுவாள்.

"உங்கட மருந்தால ஒரு பிரயோசனமும் இல்லை. வேற ஆளா விளையாடுங்கோ," என்று ஒருநாள் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன்.

கடைசிச் சண்டையில் அரக்கன் என் வீரனை வீழ்த்தினான். அடுத்த அடி விழுந்தால் ரிஸானாவின் இரசவாதியும் சாவாள். அவளிடம் உயிர் மீட்கும் மருந்துக் குப்பி ஒன்றுதான் இருந்தது.

"நீங்களே குடியுங்கோ," என்றேன்.

அவள் தன் மருந்துகளைக் குறித்து வைத்திருந்த தாளைத் திருப்பிக் காட்டினாள். முதல் வாரமே அந்தக் குப்பிக்கு நேரே என் வீரனின் பெயரை எழுதியிருந்தாள்.

"நீங்கதானே எப்பவும் முன்னுக்குப் போறீங்க," என்றாள்.

குப்பியை என் வீரனுக்கே ஊற்றினாள். அரக்கன் அவளின் இரசவாதியைக் கொன்றான். எழுந்து நான் அவனைக் கொன்றேன். அந்த வெற்றியை இன்றுவரை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.