மாணிக்கம் அண்ணன் போஸ்டரைக் கிழித்தவன் நான்தான்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மாணிக்கம் அண்ணனின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்தது நான்தான். எங்கள் ஃபுட்பால் கிளப்பைக் கடைசிவரை கட்டிக்காத்த மனுஷன் பெயருக்குப் பின்னால், கிளப்காரர்களே சாதியைப் போட்டிருந்தார்கள்! வயிறு எரியாதா?

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். நைனார்பாளையத்தில் மேட்ச் முடிந்து திரும்பிய எங்கள் வேனை, ரோட்டில் மரத்தை வெட்டிப்போட்டு மறித்தார்கள். "நீங்கல்லாம் இன்னா சாதிடா?" என்று கட்டையோடு சூழ்ந்தார்கள். அண்ணன்தான் இறங்கினார்.

"இவன் கோலி, அவன் பேக்கு, அவன் ஃபார்வர்டு. வேற சாதி எங்கிட்ட இல்லப்பா" என்றார்.

"பந்தாடுறவங்கடா, வுட்டுடு" என்று கூட்டத்தில் ஒருவர் சிரிக்க, உயிர் தப்பினோம்.

இப்போது கிளப்பில் சேர வருகிறவனைக் காட்டி எவனாவது "இவன் இன்னா ஆளு?" என்று கேட்டால், "லெஃப்ட் பேக்கு. நீ கெளம்பு" என்கிறேன்.