மேப்பில் ஏறிய அஞ்சலை ஸ்டாப்

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்கு வெளியே, தனியாகச் சூளை போட்டு நின்று காட்டியவன் நான். பெயர் ஏகாம்பரம். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். பிறகு ஊரான் சூளையில் மண் சுமந்தேன், அச்சு ஊற்றினேன், நெருப்பு பார்த்தேன். கடைசியில் ஒரு புல்கூட முளைக்காத உவர் நிலத்தை வாங்கி என் சொந்தச் சூளையை எழுப்பினேன். கரண்ட் வராது என்றார்கள், வரவழைத்தேன். தண்ணீர் கிடைக்காது என்றார்கள், போர் போட்டு எடுத்தேன். ரோடு இல்லையே என்றார்கள், அதையும் நானே போட்டேன். தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. கோணிப்போன ஊறுகாய் ஜாடி, வெடித்த கப்பு, விரிசல் விட்ட ப்யூஸ் கட்டை என்று சூளையில் வீணான பீங்கானையெல்லாம் வண்டி வண்டியாகக் கொட்டி, மேலே ரோலரை ஓட்டினேன். எவ்வளவு மழை பெய்தாலும் சேறாகாத ரோடு. கருவேப்பிலங்குறிச்சி பஸ் ரூட்டிலிருந்து பிரிந்து என் சூளை வாசல் வரைக்கும் போகும். அது பிரிகிற இடத்தில் பஸ் நிற்க வேண்டும் என்று டெப்போவுக்கு நடையாய் நடந்து உத்தரவு வாங்கியவனும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். வேறு யாரும் சொல்லவில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேய், காற்று, கருப்பு இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. சூளை போட்ட இடத்தில் முனி நடமாட்டம் இருக்கிறது என்று பயமுறுத்தினார்கள், நான் அங்கேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்கினேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், அந்த மத்தியானம் நடந்தது நடந்ததுதான். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் மேப் பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் வராத நேரம் அது. மங்கலம்பேட்டை நசீர் பாய் என்று ஒருவர், துபாயில் ரோடு அளக்கிற கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மேகலா என்று ஒரு பெண், திண்டிவனத்துக்காரி, எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்க வந்தவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வேலை ஆரம்பித்தார்கள். இன்டர்நெட்டில் ஒரு மேப் இருக்கிறதாம், யார் வேண்டுமானாலும் அதில் ரோடு போடலாமாம், பஸ் ஸ்டாப் குறிக்கலாமாம். சம்பளம் கிடையாது. உலகம் பூராவும் ஆட்கள் இப்படிச் சும்மா உட்கார்ந்து வரைகிறார்களாம். அதில் எங்கள் ஊரைக் காட்டினார்கள். ஒரு ரயில் தண்டவாளம், ஒரு புள்ளி, அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது.

அவர்கள் செய்த முறை இது. சோப்பு டப்பா அளவில் ஒரு மஞ்சள் கருவி, வானத்துச் சாட்டிலைட்டைப் பார்த்து நாம் போகிற வழியைக் கோடாகப் பதிந்துகொள்ளும். பஸ் ஸ்டாப் வந்தால் இறங்கி நின்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அங்கே நிற்கிறவர்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் டிவிஎஸ்ஸில் வெயிலில் காய்ந்து சுற்றினார்கள். என் வேனை எடுத்தேன், டீசல் போட்டேன், நானே ஓட்டினேன். எதற்கு என்று மறைக்கவில்லை. சூளை நின்று அப்போது சில வருடம் ஆகியிருந்தது, மிஷின் சரக்கு வந்து எங்களைப் போன்றவர்களை முடித்துவிட்டது. பிள்ளைகள் நிலத்தை விற்றுவிடலாம் என்றார்கள். மிச்சம் இருந்தது அந்த ரோடும் அந்த ஸ்டாப்பும். ஊரில் அதற்கு நிலையான பெயர் இல்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மேப்பிலாவது ஏகாம்பரம் ரோடு, ஏகாம்பரம் ஸ்டாப் என்று ஏறிவிட்டால், நான் செத்த பிறகும் நிற்கும் அல்லவா.

முதல் நாளே கேட்டுவிட்டேன். மேகலா தலையை ஆட்டினாள்.

"அங்க நிக்கிற ஜனங்க என்ன பேரு சொல்றாங்களோ அதத்தான் போடணுங்க ஐயா. நீங்க சொல்றத போட்டா அது விளம்பரம் ஆயிடும்."

"ரோடு போட்டவன் சொன்னா விளம்பரமா டீச்சர்?"

நசீர் பாய் சிரித்தார். "அண்ணன் டீசல் போட்டிருக்காரு டீச்சர். ஸ்டாப்பு என்ன, ஜங்ஷனுக்கே அவரு பேர வெச்சிருவோம்."

"நக்கலு பண்ணாத பாய். அங்க வந்து கேளு, யாரு பேர சொல்றாங்கன்னு பாரு."

"கேக்கறோம். ஆனா நீங்க வண்டிய வுட்டு எறங்கக் கூடாது. உங்க மொகத்த பாத்துட்டு எவன் வேற பேரு சொல்லுவான்?"

அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். நானே இல்லாத இடத்தில் என் பெயரைச் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம் என்று எனக்கும் தோன்றியது.

மாசிக் கடைசி, உச்சி வெயில். ஸ்டாப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேனை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் அறுத்த வயல், ஒளிந்து நிற்க ஒரு செடி கிடையாது. மேகலா கருவியோடு இறங்கிப் போனாள். நசீர் பாய் வேனுக்கு வெளியே நின்று பீடி பற்றவைத்தார். நான் சைடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாப்பில் ஒரே ஒரு பொம்பளை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், கையில் தூக்குவாளி. ரோட்டு ஓரத்தில் நிற்கவில்லை, ரோட்டிலேயே நின்றாள். மேகலா அவளைக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிவந்ததைப் பார்த்தேன். ஏதோ பேசினார்கள். அந்தப் பொம்பளை கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா, என் பெயருக்கு எத்தனை எழுத்து, அந்தச் சின்னக் கருவியில் அடங்குமா என்று நினைத்தேன்.

மேகலா வந்து ஏறினாள். "பேரு கெடச்சிருச்சுங்க. அஞ்சலை ஸ்டாப்பாம்."

சாவியைத் திருப்பப் போன கையை எடுத்துவிட்டேன்.

அஞ்சலை யார் என்று சொல்லிவிடுகிறேன். என் சூளையில் ஜாடி செய்தவள். அப்போது அந்த இடத்தில் பஸ் நிற்காது, வேலைக்கு வரும் பொம்பளைகள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள். ஒருநாள் சாயங்காலம் இவள் நடுரோட்டில் போய் நின்றுகொண்டாள், ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையை நேராக நீட்டிக்கொண்டு. பஸ் மூக்கு உரசுகிற மாதிரி வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "ஏம்மா, சாவறதுக்கு எம் பஸ்ஸுதான் கெடச்சிதா?" என்று கத்தினார். "சாவறதுக்கு இல்லய்யா, வூட்டுக்குப் போறதுக்கு. எல்லாரும் ஏறிக்கிறோம், அப்பறம் திட்டு" என்றாள். அன்றிலிருந்து தினமும் கை நீட்டினாள், தினமும் திட்டு வாங்கினாள், பஸ்ஸும் தினமும் நின்றது. அவ்வளவுதான் அவள் செய்தது. முறைப்படி உத்தரவு வாங்கியது நான். உத்தரவு வருவதற்கு முன்பே அவள் காய்ச்சலில் கிடந்து, ஜிப்மருக்குக் கொண்டுபோய், அங்கேயே போய்விட்டாள். எடுக்கும்போது மாலை போட்டவன் நான். அவள் செத்ததில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மேகலா திண்டிவனத்துக்காரி, நசீர் பாய் அந்த வருடங்களில் துபாயில். இரண்டு பேருக்கும் அஞ்சலை என்ற பெயரே தெரியாது.

"எவ சொன்னா?" என்று கேட்டேன்.

"அதோ, அந்தம்மாதாங்க" என்று மேகலா திரும்பினாள். ஸ்டாப்பில் யாரும் இல்லை. பஸ் வரவில்லை, ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை வெறும் ரோடு. நசீர் பாய் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "இப்பதானே பாத்தேன்" என்றார்.

என்ன பேசினாள் என்று மேகலாவைக் கேட்டேன்.

"கருவிய பாத்து இது என்னான்னு கேட்டாங்க. சொன்னேன். இதுல எழுதுனா அழியாதான்னு கேட்டாங்க. யாரு வேணா அழிக்கலாம், மாத்தலாம், எல்லாருக்கும் பொதுவானதுதாம்மான்னேன்."

"அதுக்கு?"

"சரி, நான் பாத்துக்கறேன்னாங்க. அவங்க கை ஜில்லுனு ஈரமா இருந்துச்சுங்க. மண்ணு."

மேகலாவின் முழங்கைக்குக் கீழே வெள்ளையாக மண் அப்பியிருந்தது. அச்சில் ஊற்றுகிற மண் கூழ். எங்கள் சூளையில் அந்தக் கூழ் கரைத்து வருடக்கணக்காகிறது, நடந்து வருகிற தூரத்தில் வேறு சூளையும் இல்லை. கையில் இருந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், போய்விட்டது. கருவியின் பின்பக்கமும் ஒரு கட்டைவிரல் அளவுக்கு மண் ஒட்டியிருந்தது. அதைக் கழுவினோம், போகவில்லை. நசீர் பாய் சாவியால் சுரண்டினார், சாவிதான் தேய்ந்தது. நான் வாங்கி நகத்தால் தட்டினேன். ணங் என்றது.

இங்கேதான் நீங்கள் நான் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இது என் தொழில். பச்சை மண்ணை நாக்கில் வைத்தால் ஒட்டும், வெந்த பீங்கான் ஒட்டாது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. மேலே மினுமினுப்பு வேறு, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு ஏறிய மினுமினுப்பு. மண் அந்தப் பதத்துக்கு வர வேண்டுமானால் சூளைக்குள் கண் கூசுகிற வெள்ளை நெருப்பில் ஒரு ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். அந்த நெருப்பில் இரும்பே நெளியும். இதுவோ பிளாஸ்டிக் கருவி. அதன் முதுகில் ஒரு இடம்கூட உருகவில்லை, கருகவில்லை. பீங்கான் மட்டும் அதில் பிறந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. நெருப்போடு வாழ்ந்தவன் நான், இப்படி ஒன்றை எந்தச் சூளையிலும் பார்த்ததில்லை.

அந்தப் பீங்கானில் ரேகை தெரிந்தது. குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுக் கோடு. யார் செய்த ஜாடி என்று பிரித்துப் பார்ப்பதற்காக, என் சூளையில் ஆளாளுக்கு அடியில் கட்டைவிரலை அழுத்திவிடுவார்கள். அஞ்சலைக்கு நெல் அறுக்கும்போது அரிவாள் பட்ட விரல். வேனை விட்டு இறங்கி, என் ரோட்டு ஓரத்தில் குனிந்து, ஜாடி அடிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் புரட்டினேன். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அதே விரல், அதே கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் மேகலா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் மேப்பில் அஞ்சலை ஸ்டாப் என்று ஏற்றிவிட்டாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ஸ்டாப்புல நின்னவங்க சொன்ன பேருங்க ஐயா. எனக்கு வேற பேரு போட தைரியம் இல்ல" என்றாள். பிறகு நசீர் பாயைத் தனியாகப் பிடித்தேன். சிநேகிதத்துக்காக அவர் ஏகாம்பரம் ஸ்டாப் என்று மாற்றினார். சில நாளில் பழையபடி அஞ்சலை ஸ்டாப். யார் மாற்றியது என்று மேப்பிலேயே பெயர் இருக்குமாம், பார்த்தார். ஏதோ வெளிநாட்டு ஆள், எங்கள் பக்கம் அதற்கு முன்னும் பின்னும் ஒரு கோடுகூடப் போடாதவன். அவனுக்கு எழுதிக் கேட்டார். நான் மாற்றவில்லையே, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்டான். நசீர் பாய் அன்றோடு கருவியை என்னிடம் கொடுத்துவிட்டார், வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார். என் பீரோவில் இருக்கிறது. கருவி எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அந்தப் பீங்கான் துண்டைத் தொட்டால் இன்றைக்கும் இளஞ்சூடாக இருக்கிறது, சூளையிலிருந்து இறக்கி ஒரு நாள் ஆன ஜாடி மாதிரி. மார்கழிக் குளிரிலும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் பெண்சாதி தொட்டுவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள், இன்றுவரை அந்தப் பீரோவைத் திறப்பதில்லை.

இப்போது கண்டக்டர்களும் அஞ்சலை ஸ்டாப் என்றுதான் கூவுகிறார்கள். எல்லாம் சின்னப் பையன்கள், அவளைப் பார்த்ததே கிடையாது. நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறேன். இருக்கட்டும், ஸ்டாப்பை அவளே வைத்துக்கொள்ளட்டும், செத்தவளோடு எனக்கென்ன போட்டி. ஆனால் அந்த ரோடு இன்னும் மேப்பில் பெயர் இல்லாத வெறும் கோடாகக் கிடக்கிறது. அதில் கிடக்கிற பீங்கான் எல்லாம் அவளும் அவளோடு வந்தவர்களும் செய்தது என்று மேகலா ஒருதரம் சொன்னாள். செய்தார்கள், நான் இல்லை என்றா சொன்னேன். அள்ளிக் கொட்டி ரோடாக்கியது யார்? இதைப் படிக்கிறவர்களில் மேப் வரைகிற ஆள் யாராவது இருந்தால், அந்தக் கோட்டின் மேல் ஏகாம்பரம் ரோடு என்று போடுங்கள். உயிரோடு இருக்கிற ஆள் நான், கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. போடுங்கள்.