ஷவ்கத்தின் ஏழாவது கேபிள்

கேபிளில் ஒன்றும் இல்லை. இதை ஷவ்கத்திடம் பதினோரு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு நாலு மீட்டர் தூரம். டேபிள் விளக்குக்குப் போடுகிறோமே, அந்த இரட்டைச் செம்பு ஒயரில் கொஞ்சம் தடிமனாகப் பார்த்து வாங்கிப் போட்டால் அந்தத் தூரத்துக்குப் போதும். கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா பேட்டையில் எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கும். அதே ஷுப்ராவில் முப்பத்தைந்து வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். அவன் கேட்பானா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நாலாவது காலைக் காட்டினால், அவன் முயலையே மாற்றிவிடுவான்.

ஷவ்கத் நீர்ப்பாசன இலாகாவில் வரைபடம் போடுகிறவனாக இருந்தான். முப்பத்து நாலு வருஷம் கால்வாய்களை வரைந்தான். கால்வாய் நன்றாக அமைந்தால் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குப் பெயர். கோணலாகப் போனால் ஷவ்கத்துக்குத் திட்டு. மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். காப்பிக் கடையில் அவன் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் பரிமாறுகிறவன் திரும்பிப் பார்ப்பான். இரண்டு பெண்கள், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. மனைவி இன்சாஃப் வாயும் கையும் ஓயாதவள். இப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு சம்பவம் இருந்தது.

எழுபத்து நாலாம் வருஷம், தன்தா ஊர் சினிமாக் கொட்டகையில் பாடகி கவ்ஹராவின் கச்சேரி. ஷவ்கத்தும் அவன் சிநேகிதன் பஹ்கத்தும் கெய்ரோவிலிருந்து ரயிலேறிப் போனார்கள். கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அது. பஹ்கத் இன்சாஃபின் அண்ணன், பேருந்து ஓட்டுநர். கவ்ஹரா அன்று ‘வாசலைச் சாத்தாதே’ என்கிற ஒரே வரியை நாலு தடவை பாடினாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி. நாலாவது முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்த நொடியில், கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான். “இன்னொரு தடவ! நபி மேல ஆணையா இன்னொரு தடவ!” கவ்ஹரா சிரித்துவிட்டு, ஐந்தாவது தடவை பாடினாள். அந்த ஐந்தாவது தடவையைக் கேட்டு உருகாத கெய்ரோக்காரன் கெய்ரோக்காரனே இல்லை. ரேடியோவில் அதை மட்டும் தனியாக வெட்டிப் போடாத மாதம் இல்லை.

கத்தியது நான்தான் என்றான் ஷவ்கத். இல்லை, நான்தான் என்றான் பஹ்கத். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். இருவரில் எவனும் பொய்யன் அல்ல, அதுதான் தலைவலி. ஷவ்கத் தன் கல்யாணத்தில் இதைச் சொன்னான், மகள்களுக்குத் தூங்கவைக்கும் கதையாகச் சொன்னான், ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் மாலை போட்டவர்களிடம் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு உலகத்தில் ஒருவர் ஒரு காரியம் செய்தார் என்றால் அது கவ்ஹராதான். அதையும் மச்சான் பறிக்க வந்தால் அவன் விடுவானா?

ஓய்வு பெற்றதும் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பழையதாக வாங்கினான். அந்தக் கச்சேரியின் ஒலிநாடாவை நான் பிரதி எடுத்துக் கொடுத்தேன். போட்டுக் கேட்டால் கூச்சல் மங்கலாக இருந்தது. யார் குரல் என்று சொல்ல முடியவில்லை.

“துணி போட்டு மூடின மாதிரி இருக்கு ரம்ஸி,” என்றான் என்னிடம். “கேபிள்தான் அடைக்குது.”

“நாடா பழசுய்யா. அதுல இருக்கறதுதானே வரும்?”

“உனக்கு ரிப்பேர் தெரியும். கேக்கத் தெரியாது.”

அன்று ஆரம்பித்தது. முதல் கேபிள் ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டாவதில் அம்புக்குறி போட்டிருந்தது, சத்தம் அந்தப் பக்கமாகத்தான் போகுமாம். மூன்றாவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவுக்குத் தடிமன். அது தரையில் படக்கூடாது என்று தச்சனிடம் சொல்லிக் குட்டி முக்காலிகள் செய்தான். அறைக்கு வரைபடம் போட்டுச் சோஃபாவை அரை அடி அரை அடியாக நகர்த்தினான். நாலாவது கேபிள் இருநூறு மணி நேரம் ஓடினால்தான் பழகும் என்று கேள்விப்பட்டு ராப்பகலாகச் செய்தியை ஓடவிட்டான்.

“கேபிளுக்கு இருநூறு மணி நேரம் பழக்கம் வேணுமாம்,” என்றாள் இன்சாஃப் என்னிடம். “என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவதான் பார்த்தாரு. அதுவும் எங்கம்மா நடுவுல உக்காந்திருந்தாங்க.”

அவள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவு அப்போது கயிறு கட்டித்தான் நின்றது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

புதுக் கேபிள் வந்தால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கூடும். கீழே தகரப் பட்டறைக்கு அன்றுதான் விடுமுறை. நான், ஷவ்கத், பஹ்கத், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் ஃபஹ்மி. புதினா போட்ட தேநீர் வரும். முதலில் பழைய கேபிளில் கேட்போம். பிறகு நான் முழங்கால் வலியோடு தரையில் குனிந்து திருகாணிகளைக் கழற்றிப் புதியதை மாட்டுவேன். மறுபடி கேட்போம். பேச்சு ஆரம்பமாகும்.

“வயலினெல்லாம் எந்திரிச்சு நிக்குது பாருங்க,” என்பார் டாக்டர்.

“ஊத் வீணையோட வயிறே தெரியுது,” என்பான் ஷவ்கத்.

“என் குரல் நல்லாத் தெரியுது,” என்பான் பஹ்கத்.

“உன் குரலா? லாரி ஹாரன் மாதிரி இருக்கும் உன் குரல். அது மனுஷன் குரல்யா!”

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்காது. சொன்னால் ரிப்பேர்காரனுக்குக் காது மந்தம் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாவது கேபிள் வந்த அன்று நானே ஒரு தப்புப் பண்ணினேன். அவசரத்தில் ஒரு ஸ்பீக்கருக்குக் கூட்டலையும் கழித்தலையும் மாற்றி மாட்டிவிட்டேன். அப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடிச் சத்தம் செத்துப்போகும், பாட்டு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. தொழில் தெரிந்தவனுக்கு வெட்கக்கேடு. இவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கொட்டகையே திறந்துகொண்டது என்றார்கள். காற்றோட்டம் வந்துவிட்டதாம். மூன்று வாரம் அதையே கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். நாலாவது வாரம் நான் கவனித்து, உண்மையைச் சொல்லி, சரியாக மாட்டினேன்.

“கெடுத்துட்டான்,” என்றான் ஷவ்கத்.

“ஆமா, சுவரு வந்து நிக்குது,” என்றார் டாக்டர்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “டாக்டர், நாளைக்கு நான் உங்ககிட்ட வந்தா, நல்ல பல்லப் பிடுங்கிட்டுச் சொத்தப் பல்ல விட்டுடுங்க. காத்தோட்டமா இருக்கும்!” என்று கத்திவிட்டு வந்தேன். இரண்டு மாதம் ஷவ்கத் என்னோடு பேசவில்லை. ஆறாவது கேபிளை அவனே மாட்டிக்கொண்டான்.

ஏழாவதைத் துபாயிலிருந்து மூத்த மகள் மஹா அனுப்பியிருந்தாள். வெள்ளிக் கம்பி, வெல்வெட் பெட்டியில் வந்தது. முனை பெரிதாக இருந்ததால் துளைக்குள் நுழையவில்லை. வேறு வழியில்லாமல் எனக்கு ஆள் அனுப்பினான். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன். முனையைச் சீவி, முறுக்கி, சரியாக மாட்டினேன்.

அன்று போட்டதும் பழைய கதைதான். இந்தத் தடவை எனக்கு ஒன்று உறைத்தது. நாலாவது தடவை முடிந்து கூச்சல் வரவேண்டிய நொடி. சரியாக அந்த இடத்தில் டாக்டர் “அல்லாஹ்!” என்றார், பஹ்கத் “ஆஹா, என் கண்ணே!” என்று தொடையில் அடித்தான், ஷவ்கத் எழுந்து நின்று “இன்னொரு தடவ!” என்று தானும் சேர்ந்து கத்தினான். ஸ்பீக்கரிலிருந்து வந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. பதினோரு வருஷமும் இதேதான் நடந்திருக்கிறது. தனியாக இருக்கும்போது கேட்டாலும் ஷவ்கத் அந்த இடத்தில் கத்துவான் என்று இன்சாஃபே சொல்லியிருக்கிறாள். ஹெட்ஃபோன் கொடுத்தால், கொட்டகைக்குப் பாடினவளைக் காதுக்குள் அடைக்கச் சொல்கிறாயா என்று சண்டைக்கு வருவான். எங்கள் ஊரில் நல்ல பாட்டுக்குச் சும்மா இருந்தால் பாடியவளை அவமதித்த மாதிரி. நான் மட்டும் என்ன யோக்கியம்? பிரதி எடுத்த அன்று சத்த அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வார்த்தையைக் கவனிக்கவில்லை.

“ஏன்யா, நீங்க வாய மூடினா கேபிளே வேண்டாமே!” என்றேன்.

“வாய மூடிக்கிட்டு கவ்ஹராவக் கேக்கறதா? நாங்க என்ன பிணமா?” என்றான் பஹ்கத்.

“ஒரே ஒரு தடவ.”

“முடியாதுய்யா. தானா வருது,” என்றார் டாக்டர், பாவமாக.

சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி இன்சாஃப் வந்து நின்றாள். “டாக்டர், ஊரு வாயெல்லாம் திறக்க வைக்கறீங்களே, மூட வைக்க உங்க பையில ஒண்ணும் இல்லையா?”

டாக்டர் யோசித்தார். பிறகு மாடிக்குப் போய்ப் பஞ்சுச் சுருள் பொட்டலத்தோடு வந்தார். பல் பிடுங்கிய பிறகு கடிக்கக் கொடுப்பாரே, அது. ஆளுக்கு இரண்டு. “கடிங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது,” என்று தொழில் குரலில் சொன்னார். தானும் இரண்டைக் கடித்துக்கொண்டார். அறுபத்தைந்து தாண்டிய மூன்று கிழவர்கள் கன்னம் உப்பிப்போய் வரிசையாக சோஃபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஷவ்கத் ஸ்பீக்கரையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை கேபிளும் எதற்கு வாங்கினானோ அது இப்போது நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் பாட்டைப் போட்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தடவை கவ்ஹரா வரியை இழுத்து, உடைத்து, மெல்லக் கீழே வைத்தாள். வாத்தியங்கள் நின்றன. சோஃபாவில் மூன்று பேரும் நெளிந்தார்கள், டாக்டரின் கண்ணில் நீர் கட்டியது, ஆனால் சத்தம் வரவில்லை.

“இன்னொரு தடவ! நபி மேல ஆணையா இன்னொரு தடவ!”

கனத்த குரல். அடித்தொண்டையிலிருந்து வந்த குரல். அது ஓயும்போதே, அதற்கு வெகு பக்கத்திலிருந்து, மெல்லியதாக இன்னொன்று.

“பஹ்கத், போதும், உக்காரு. கடைசி ரயில் போயிடும்.”

கவ்ஹரா சிரித்தாள். ஐந்தாவது தடவை பாடத் தொடங்கினாள். நான் நிறுத்திவிட்டேன்.

மூன்று பேர் வாயிலும் பஞ்சு. இன்சாஃப்தான் பேசினாள். கேலி இல்லை அவள் குரலில், ஆச்சரியம்தான் இருந்தது.

“அது நீங்கதானே, மஹா அப்பா. மஹா கல்யாணத்துல எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்கறப்பவும் இதேதான் சொன்னீங்க. போதும், உக்காரு, வண்டி போயிடும். நாப்பது வருஷமா இந்தக் குரலத்தானே நான் கேக்கறேன்.”

வெள்ளிக் கம்பியால் தெளிந்ததல்ல அது. விளக்கு ஒயரிலும் அப்படியே கேட்டிருக்கும். முதல் நாளே கேட்டிருக்கும். சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷ ஆத்திரம் என் நாக்கு நுனியில் நின்றது.

பஹ்கத்தைப் பார்த்தேன். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. பஞ்சைத் துப்பக்கூடத் தோன்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷவ்கத் வாயிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் தேநீர்த் தட்டில் வைத்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“இந்தக் கேபிள் சரியில்ல ரம்ஸி,” என்றான். “மாத்து.”

கேபிளில் ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் கத்தியவன் நான். தரையில் குனிந்து, முதல் திருகாணியைக் கழற்றினேன்.