ஒன்பதாவது கல்திட்டையின் ரீடிங்

1. கோணல்

பாச்சலூருக்கு மேலே ஒரு காபித் தோட்டத்தின் முகட்டில் பதினொரு கல்திட்டைகள் வரிசையாக நின்றன. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி, முன்பலகையில் தலை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள். ஊரில் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். தோட்டத்தை வாங்கியவர்கள் அங்கே தங்கும் விடுதி கட்ட நினைத்தார்கள். அதற்கு முன்னால், ஒவ்வொரு கல்திட்டையும் எங்கே, எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று வரைபடம் கொடுத்தாக வேண்டும். திண்டுக்கல்லில் நான் சர்வேயராக இருந்த கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது.

என்னோடு வந்தவர் முத்தையா. ஒட்டன்சத்திரத்துக்காரர். இருபது வருடமாக எனக்குப் பிரிசம் பிடித்தவர். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் கண்ணை வைத்து நான் குறி பார்ப்பேன். அளக்க வேண்டிய புள்ளியில் அவர் பிரிசக் குச்சியை ஊன்றி நிற்பார். நானூறு மீட்டர் தள்ளி நின்றாலும் நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

முதல் நாள் மழை விட்டிருந்தது. மூட்டம் விடவில்லை. நாலு இடத்தில் கம்பி அடித்து, கருவியை நிறுத்தும் ஸ்டேஷன்களாக வைத்தோம். மூன்று கம்பிகள் பாறையில் இறங்கின. நான்காவதுக்குப் பாறை கிடைக்காமல் ஒன்பதாவது கல்திட்டைக்குப் பக்கத்து மண்ணில் அடித்தோம். சாயங்காலத்துக்குள் பதினொன்றையும் அளந்து லேப்டாப்பில் ஏற்றினேன்.

முதல் எட்டும் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் இருந்தன. ஒரு சாண் கூட விலகவில்லை. கடைசி மூன்று மட்டும் சரிவுப் பக்கமாக விலகியிருந்தன. ஒன்பதாவது ஒரு அடி, பத்தாவது இரண்டடி, பதினொன்றாவது அதற்கும் மேலே. துளைகளும் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தன.

கம்பெனி முதலாளிக்குப் போன் செய்தேன்.

"அந்தக் காலத்துல என்னம்மா, டோட்டல் ஸ்டேஷனா இருந்துச்சு? கோணத்தான் வச்சிருப்பான். அப்படியே ப்ளாட் பண்ணிருங்க."

"டிராவர்ஸும் குளோஸ் ஆகலைங்க. பதினெட்டு மில்லி நிக்குது."

"மூட்டத்துல வரத்தான் செய்யும். அட்ஜஸ்ட் பண்ணிவிடுங்க."

புள்ளி புள்ளியாகச் சுற்றி அளந்து, தொடங்கிய இடத்திலேயே கணக்கை முடித்தால் மிச்சம் எதுவும் நிற்கக் கூடாது. கொஞ்சம் நின்றால் அந்தப் பிழையை எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கு போட்டு விடுவோம். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அந்தத் தூரத்துக்கு என் கையில் நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் நின்றதே இல்லை. இருந்தும் தட்டினேன்.

2. காற்று

மறுநாள் வெள்ளனே வேலையைத் தொடங்கினோம். சரிவுக்குக் கீழே ஒரே கூரையின் கீழ் ஏழு வீடுகள் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள் அவை. வரைபடத்துக்காக ஒவ்வொரு வீட்டின் மூலைகளையும் முதலில் அளந்தோம். அங்கே இருப்பவர்கள் அதை லயம் என்பார்கள். அவர்களுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள், அந்தச் சொல்லும் கூடவே வந்திருந்தது. அங்கிருந்து செல்வமணி என்ற பெண் மேலே ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கருவியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மேடம், ஒங்க மெஷினு கதவு நெலையை அளக்குமா?"

முத்தையா சிரித்தார்.

"இல்லண்ணே, நெசமாத்தான் கேக்குறேன். எங்க வீட்டுத் தாப்பா மூணு நாளா விழ மாட்டேங்குது. கதவைச் சீவி விட்டோம். மறுநாளே திரும்ப இடிக்குது. கதவு வளருமா மேடம்?"

"மழைக்கு ஊதியிருக்கும்" என்றேன்.

அவள் ஒன்பதாவது கல்திட்டையைக் காட்டினாள். "அது கிட்டப் போகாதீங்க. உள்ள இருந்து மூச்சு வருது."

துளையின் விட்டம் அளக்க எப்படியும் போக வேண்டியிருந்தது. கையை உள்ளே விட்டேன். ஐஸ் பெட்டியைத் திறந்தது போல ஒரு காற்று முழங்கை வரைக்கும் ஏறியது. பிறகு நின்றது. கொஞ்சம் கழித்து, என் கையை உள்ளே இழுப்பது போலக் காற்று உள்நோக்கிப் போனது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். மற்ற கல்திட்டைகளில் அப்படி எதுவும் இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தரை மண்ணில் சுவருக்குச் சுவர் ஒரு விரிசல், இரண்டு விரல் அகலத்தில் ஓடியது. முத்தையா ஒரு சின்னக் கல்லை அதில் போட்டார். இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டோம். கல் அடியில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

"அக்கா, இந்தச் சோலியை வெரசா முடிச்சிட்டுக் கெளம்பிருவோம்" என்றார் அவர்.

நான்காவது கம்பியைத் திரும்பச் செக் பண்ணினேன். முப்பத்தோரு மில்லி விலகியிருந்தது. கருவி மேல் சந்தேகப்பட்டேன். பேட்டரியை மாற்றினேன், டிரைபாடை எடுத்து மறுபடி ஊன்றினேன். பாறையில் இருந்த மூன்று கம்பிகளும் மில்லி பிசகாமல் சரியாக இருந்தன. நான்காவதில் மட்டும் தப்பு. எங்கள் இரண்டு பேரையும் தவிர அங்கே அதைத் தொட ஆள் இல்லை.

போனில் முதலாளி சொன்னார்: "ஈர மண்ணுல அடிச்சா கம்பி சாயத்தாம்மா செய்யும். நாளைக்கு முடிச்சிட்டு வந்திருங்க. இங்க வேற வேலை கெடக்கு."

சரிங்க என்றேன். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த விலகல் எந்தப் பக்கமாக இருந்தது என்று அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

3. குறுக்குக் கோடு

மூன்றாம் நாள் காலை பத்து மணி. ஒன்பதாவது கல்திட்டையின் மூடுகல் மேல் முத்தையா பிரிசத்தை நிறுத்தினார். நான் பாறை மேலிருந்து குறி பார்த்தேன். லென்ஸில் தெரியும் குறுக்குக் கோடு பிரிசத்தின் நட்டநடுவில் விழ வேண்டும். விழுந்தது. நோட்டில் எழுதக் குனிந்து நிமிர்ந்தேன். கோடு விலகியிருந்தது.

வாக்கி டாக்கியில் சொன்னேன்: "முத்தையா, குச்சி ஆடுது. புடிச்சு நில்லுங்க."

"நான் புடிக்கவே இல்லக்கா. ஸ்டாண்டுல நிறுத்திட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன்."

திரும்பப் பாறைக் கம்பியைப் பார்த்தேன். அது அணு அளவும் அசையவில்லை. மறுபடி ஒன்பதுக்குத் திருப்பிக் கோட்டை நடுவில் வைத்து, திருகிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சுக்கூட விடவில்லை. லென்ஸுக்குள் பிரிசமும், அதன் அடியில் இருந்த மூடுகல்லும், பின்னால் கையைக் கட்டி நின்ற முத்தையாவும் சேர்ந்து, கோட்டை விட்டு இடது பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் லயம் இருந்தது.

கடைசி மூன்றையும் யாரும் கோணலாக வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பதினொன்றையும் நேராகத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டுக்கு அடியில் பாறை. மூன்றுக்கு அடியில் மண். அத்தனை காலமாக அந்த மண் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது வேகம் எடுத்துவிட்டது.

"முத்தையா, எல்லாத்தையும் போட்டுட்டுப் பாறைப் பக்கம் ஓடியாங்க."

"பிரிசம் அக்கா..."

"கெடக்கட்டும். ஓடியாங்க!"

அவர் பாறைக்கு வந்து சேர்ந்ததும், சரிவைச் சுற்றிய வண்டிப்பாதையில் லயத்துக்கு ஓடினோம். அன்று வேலை இல்லாததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தோட்ட மேனேஜருக்குப் போன் போகவில்லை. நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டு ஒருவர் சிரித்தார்.

"கல்லு எங்கயாச்சும் நகருமாங்க? மேனேஜர் ஐயா சொல்லாம எப்படி வெளிய போறது?"

முற்றத்து ஓரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்க அடிப்பது. பெரட்டு மணி என்பார்கள். செல்வமணி இரும்புக் கம்பியால் அதை அடிக்கத் தொடங்கினாள். நேரம் கெட்ட நேரத்தில் பெரட்டு மணி அடித்ததும், படுத்திருந்தவர்கள், உலை வைத்தவர்கள் எல்லோரும் பழக்கத்தில் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

"எங்க வீட்டுத் தாப்பா நாலு நாளா விழலை" என்றாள் அவள். "ஒங்க வீட்டுது விழுதா?"

சிரித்தவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். ஏழு வீட்டிலும் கதவு சாத்த முடியவில்லை. தன் வீட்டில் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பாறை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம்.

போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். முதலில் வாசம்தான் வந்தது. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசம், மூட்டம் முழுக்க. பிறகு மூட்டத்துக்கு மேலே தெரிந்த சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள் நின்றவாக்கிலேயே நடந்து போயின. ஒன்றுகூடச் சாயவில்லை. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. செல்வமணி தலைகளை எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

மத்தியானம் மூட்டம் கலைந்தது. லயம் இல்லை. அது இருந்த இடத்துக்குச் சற்று மேலே, சேற்றின் நடுவே, ஒன்பதாவது கல்திட்டை மட்டும் மூடுகல் கூட விலகாமல் நிமிர்ந்து நின்றது. துளை பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முத்தையா வராந்தாவிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

4. நாலு முளை

சர்வேக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கணக்கு மூடவில்லை என்றால் பட்டனைத் தட்டாதீர்கள். எந்தப் புள்ளி, எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். நான் முதல் நாளே பார்த்திருந்தால் அந்த ஜனங்கள் பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியேறியிருப்பார்கள். இரண்டு நாள் என் கையிலிருந்தது. யாரும் சாகவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

சில வாரம் கழித்து, மண் அடங்கியது என்று நிபுணர்கள் சொன்ன பிறகு, வீடுகள் இருந்த இடத்தைக் குறித்துத் தரச் சொல்லித் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் விட்டார்கள். லயத்தின் மூலைகளை அந்த இரண்டாம் நாள் அளந்தது லேப்டாப்பில் இருந்தது. பாறைக் கம்பியில் கருவியை வைத்து ஒவ்வொரு மூலையாக முத்தையாவுக்குச் சொன்னேன். அவர் சேற்றில் முளை அடித்துக் கயிறு கட்டினார். செல்வமணியும் வந்திருந்தாள்.

ஐந்தாவது வீட்டின் நாலு முளையும் அடித்ததும், "இதா எங்க வீடு?" என்றாள்.

"இதுதான்."

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். சுற்றிலும் வெறும் சேறு. கொஞ்ச நேரம் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கயிற்றைச் சரிசெய்ய முத்தையா ஒரு மூலைக்குள் காலை வைத்தார்.

"அங்க மிதிக்காதீங்கண்ணே," என்றாள். "அடுப்பு இருக்கு."

முத்தையா காலை எடுத்துக்கொண்டார்.