ஏலக்காய்க் கிட்டங்கியில் ஒரு பஜனை

1. மடியை உதறு

எனக்கு வேலை போனது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலையில்தான் எங்கள் ஊர் சிலமலையில் முருகனைக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படியும் போனது. சில காரியத்தைச் சாமி சுற்றிவிட்டுத்தான் செய்வார் போல.

போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் எனக்குக் காய் பொறுக்கும் வேலை. மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை மூட்டையாக வரும் காயைத் தரையில் குவிப்பார்கள். பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து பச்சைக்காய், வெடிப்புக்காய், கறுத்த காய் என்று தனித்தனியாகப் பிரிப்போம். சாயங்காலம் வெளியே போகும்போது கேட்டில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காய் விற்கிற விலைக்கு முதலாளி யாரையும் நம்ப மாட்டார்.

அப்போது நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். முதலாளியிடம் சொல்லப் பயம். சேலையைக் கொசகொசவென்று கட்டிக்கொண்டு நாளை ஓட்டினேன். அன்றைக்கு முதலாளியே கேட்டில் நின்றார்.

"ஏத்தா செல்வி, மடியில என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததா இம்புட்டு உப்பிக்கிட்டு நிக்குது? உதறு."

உதறினேன். ஒன்றும் விழவில்லை.

"நல்லா உதறுத்தா! உள்ள சொருகி வச்சிருக்க."

மறுபடியும் உதறினேன். அவர் குனிந்து தரையைத் தேடினார். பின்னால் வரிசையில் நின்ற பாண்டியம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அது இப்ப விழாது. நாலு மாசம் ஆகும்."

வரிசை மொத்தமும் சிரித்தது. முதலாளி முகம்தான் கறுத்த காய் மாதிரி ஆகிவிட்டது.

"காயத் திருடியிருந்தாக்கூட வஞ்சுட்டு விட்டிருப்பேன். மாசமா இருக்கவள வச்சு நான் என்ன செய்ய? நாளையில இருந்து வராத. பிள்ளையப் பெத்து வளத்துட்டு வா, பாப்போம்."

"எத்தன வயசு வரைக்கும் வளக்கணும்ண்ணே?"

நக்கலாகக் கேட்கவில்லை. நிசமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அதற்கும் சேர்த்து வைதார்.

2. தேங்காய் பழத் தட்டு

எங்க வீட்டுக்காரர் தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டுகிறார். மழை பிடித்துவிட்டால் லோடு இருக்காது. என் வேலையை நம்பித்தான் பிரசவச் செலவையே யோசித்திருந்தோம். அழுதுகொண்டே சொன்னேன். "சாமி பாத்துக்கிடும், விடு" என்றார்.

பாண்டியம்மா அக்காவோ, "சாமிக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீ வெரசா தேனிக்குப் போயி லேபர் ஆபீசுல சொல்லு" என்றது.

போனேன். பெரிய இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று தேங்காய், பழம், வெற்றிலை, சூடம் எல்லாம் வைத்த தட்டோடு போனேன். மேசைக்குப் பின்னால் ஆய்வாளர் அம்மா இருந்தார்.

"என்னம்மா இது?"

"உங்களுக்குத்தாம்மா. சூடம் மட்டும் இங்க பொருத்தலாமான்னு தெரியல."

"ஃபைல் எல்லாம் எரிஞ்சு போகும், உள்ள வைங்க. இது வேண்டுதல் இல்லம்மா, உங்க உரிமை."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். மாசமாக இருக்கிறாள் என்பதற்காக ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. பிரசவத்துக்கு முந்தின ஒரு வருசத்தில் எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு லீவு உண்டு. முதல் இரண்டு பிள்ளைக்கும் இருபத்தாறு வாரம். எங்களைப் போன்ற இடமென்றால் பத்துப் பேராவது வேலை பார்க்க வேண்டும்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"என்னையும் சேத்து பன்னெண்டு பேரும்மா."

"நேர்ல வந்து பார்த்துடுறேன். நீங்களும் அங்க வாங்க."

3. பஜனை

இந்தப் பத்துப் பேர் கணக்கை யாரோ முதலாளி காதிலும் போட்டுவிட்டார்கள். நானும் ஆய்வாளர் அம்மாவும் உள்ளே நுழைந்தால், காய்க் குவியலுக்குப் பக்கத்தில் முருகன் படம், மாலை, பத்தி. சுற்றிப் பதினோரு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வேலைக்கு நாலு பேருதாம்மா. மத்தவங்கல்லாம் பஜனைக்கு வந்தவங்க."

"ஏலக்காயைச் சுத்தி உக்காந்தா பஜனை?"

"எங்களுக்குக் காய்தாம்மா சாமி."

"நல்லது. பாடச் சொல்லுங்க, கேட்டுட்டே போறேன்."

முதலாளி பாண்டியம்மா அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். அக்கா முருகன் பாட்டு ஒன்றை எடுத்தது. எதிர்ப்பக்கம் மாரியம்மன் பாட்டு கிளம்பியது. பாட்டே தெரியாத ஒருத்தி தாலாட்டுப் பாடினாள். முதலாளி மூன்றுக்கும் பொதுவாகத் தாளம் போட்டார். முருகன் பேரைக் கேட்டால் எனக்குக் கண் கலங்கிவிடும். புகார் கொடுத்தவள் நான்தான் என்பதையே மறந்து, நானும் போய் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டேன்.

ஆய்வாளர் அம்மா கடைசிவரை கேட்டார். அப்புறம் தரையைக் காட்டினார்.

குனிந்து பார்த்தோம். ஒவ்வொருத்தி முன்னாலும் பச்சை, வெடிப்பு, கறுப்பு என்று மூன்று சின்னக் குவியல். என் முன்னாலும்தான். காயைக் கண்டுவிட்டால் எங்கள் விரல் சும்மா இருக்காது. வாய் பஜனை பாடியிருக்கிறது, கை பாட்டுக்குக் கையின் வேலையைப் பார்த்திருக்கிறது.

"பக்தருங்க வெடிப்பை எல்லாம் தனியாப் பிரிச்சிட்டாங்களே?"

"பக்தி முத்திப்போச்சும்மா" என்றார் முதலாளி.

"பன்னிரண்டு பேர் கணக்கு சரியா இருக்கு. உங்க முன்னாலயும் மூணு குவியல் இருக்கே, உங்களையும் சேர்த்துக்கவா?"

தாளத்துக்கு நடுவில் அவரும் பொறுக்கியிருக்கிறார்! பாண்டியம்மா அக்கா எட்டிப் பார்த்து, "அண்ணே, பச்சையில வெடிப்பு கெடக்கு. இந்தப் பொறுக்குப் பொறுக்குனா உங்களத்தான் மொதல்ல நிறுத்தணும்" என்றது.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளர் அம்மா சிரிக்கவில்லை. சட்டத்தை எடுத்துச் சொல்லி, மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். முதலாளி எழுந்து என்னிடம் வந்தார்.

"திங்கக்கெழம வந்துருத்தா."

"தரையில உக்காந்து எந்திரிக்க முடியலண்ணே."

"பெஞ்சு போடுறேன். வேற என்ன வேணும்? சொல்லித் தொலை."

எட்டாவது மாதம்வரை பெஞ்சில் உட்கார்ந்து காய் பொறுக்கினேன். சட்டப்படி லீவும் கிடைத்தது, சம்பளமும் வந்தது. சுகப்பிரசவம், பெண் பிள்ளை. பிள்ளைக்கு மொட்டை எடுத்து முருகனுக்கு முடி செலுத்தினோம்.

வேலைக்குப் போகும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மாசமாக இருப்பது குற்றமில்லை. என்னை மாதிரி சேலைக்குள் ஒளித்துக்கொண்டு திரியாதீர்கள். நாமாகத் தெரியப்படுத்தி, லீவைக் கேட்டு வாங்க வேண்டும். நிறுத்தினால் அழுதுகொண்டு வீட்டில் உட்காராமல் லேபர் ஆபீசுக்குப் போங்கள். சாமி கண்டிப்பாகத் துணைக்கு வரும். ஆனால் பஸ் ஏற வேண்டியது நாம்தான்.

இப்போதும் அதே கிட்டங்கியில்தான் இருக்கிறேன். புதுசாகக் கல்யாணம் ஆன பெண் யாராவது வேலைக்குச் சேர்ந்தால் முதலாளியே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்:

"ஏத்தா, விசேஷம்னா மொதல்லயே சொல்லிரு. லீவு தாறேன், பெஞ்சு தாறேன். இன்னொரு தடவ என்னால பாட முடியாது."