அதற்கப்புறம் எவ்வளவு ஓடியது என்று கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, திருவானைக்காவலில் கோதை மேடம் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்தேன். தாமதமாக வரும் மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் இயற்பியல் பேராசிரியை, இன்று தானே தாமதம். கேலி செய்யலாம் என்று எனக்கு ஒரே குஷி. மூன்றாவது முறை அடித்தபோது அவருடைய கணவர் வெளியே வந்தார்.

"ஹாரன் அடிக்காதீங்கோ சார். காத்தால எழுப்பினேன், எழுந்துக்கல. டாக்டர் வந்து பார்த்துட்டார். கோதை போயிட்டா."

நான் "எங்கே?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

முந்தின நாள் மாலைகூட நம் கல்லூரி ஓய்வறையில் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துச் சிரித்தவர். எப்படி ஐயா நம்புவது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் பித்து எனக்குப் பிடித்தபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவர் மட்டும் மடிக்கணினியோடு கூட வந்தார். தில்லை நகரில் முதலில் பார்த்த கார் கண்ணாடியாக மின்னியது. நான் அப்போதே மனத்துக்குள் அதை வாங்கிவிட்டேன். அவர் மடிக்கணினியின் வயரைக் காரில் செருகி, இஞ்சின் தன் வரம்பை மீறிச் சுழன்ற பதிவுகளைப் பார்த்தார். வேகமாகப் போகும்போது தவறிப்போய்க் கீழ் கியரைப் போட்டால் சக்கரமே இஞ்சினை முறுக்கிவிடும். கார் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். "பாலிஷ் நேத்து போட்டிருக்கா. அடி போன வாரம் பட்டிருக்கு. வேண்டாம், வாங்கோ" என்று எழுந்துவிட்டார்.

இரண்டாவது கார் ஸ்ரீரங்கத்தில். விற்றவர், "எங்க அப்பா கோயிலுக்கு மட்டும்தாங்க எடுப்பாரு" என்றார். பதிவைத் திறந்தால் அதிலும் வரம்பு மீறல், அதுவும் பெரிய மீறல். விற்பவர் முகம் செத்துவிட்டது. நான் கிளம்பத் தயாராக எழுந்தேன்.

"உட்காருங்கோ சார். நடந்தது நடந்துடுத்து. எப்போ நடந்தது, அதுக்கப்புறம் எவ்வளவு ஓடியிருக்குன்னு பாருங்கோ. அதுக்கப்புறம் இத்தனை காலம் நன்னா ஓடியிருக்கே! அடி உள்ளே இருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

இஞ்சினின் அழுத்தத்தையும் சோதித்துப் பார்த்த பிறகே சரி என்றார். அந்தக் கார்தான் என்னிடம் இருக்கிறது.

சாவி கைக்கு வந்த அன்று, எத்தனையோ பேருக்கு இப்படிப் பார்த்துக் கொடுத்தவர், கூச்சத்தோடு கேட்டார்: "ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கலாமா?" வீட்டுச் சின்னக் காரைத் தவிர எதையும் அவர் ஓட்டியதில்லையாம். தேர்வு, விடைத்தாள் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இந்த ஞாயிறு என்று முடிவானது. வையம்பட்டி வரை அவர் ஓட்டுவது, அங்கே காபி, திரும்பி வருவது. அவ்வளவுதான் திட்டம். அதற்குக்கூடவா விடக்கூடாது? கோபமாக வருகிறது.

யாருக்கு என்ன சறுக்கல் நேர்ந்தாலும், அதற்கப்புறம் எப்படி ஓடினார் என்று பார்க்கச் சொன்ன அந்தக் கேள்வியை வைத்துக்கொள்கிறேன். இப்போது அதை என்னிடமே கேட்டால், நான் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. அடி இப்போதுதான் பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அன்று ஹாரன் அடிப்பதற்கு முன், அவர் குள்ளம் என்பதால் ஓட்டுநர் இருக்கையை முழுவதும் முன்னால் இழுத்து வைத்திருந்தேன். அதை இன்னும் பின்னால் தள்ளவில்லை. ஓட்டும்போது முழங்கால் இடிக்கிறது. இடிக்கட்டும்.